ஆஃப்ரோடு ட்ரிப்புக்கு ஹாம் ரேடியோ: அமெரிக்காவுல லைசென்ஸ் எடுக்கறதுலேர்ந்து முதல் பயணம் வரைக்கும்

கலிஃபோர்னியா டெத் வேலில ரேஸ்ட்ராக்ங்கற இடத்துக்குப் போற ரோடு, யுபெஹெபி க்ரேட்டர் தாண்டி 27 மைல், முழுக்க கூர்க்கல்லு. பாதி வழில டயர் கிழிஞ்சா போன்ல ஒரு கோடு சிக்னல் கூட இருக்காது. இந்த மாதிரி இடத்துக்கு ரெண்டு மூணு வண்டியா கிளம்பறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். ஹாம்னா எக்ஸாம் எழுதி லைசென்ஸ் வாங்கி, காசுக்கு இல்லாம சொந்தமா பேசிக்கற ரேடியோ.

எங்க கேங்க்ல புதுசா சேர்ந்தவங்கள்ல எக்ஸாம்ல ஃபெயில் ஆனவங்க ஒருத்தர் கூட இல்ல. எல்லாரும் தடுக்கி விழுந்தது எக்ஸாமுக்கு முன்னாடி பேர் எழுதறதுலயும், எக்ஸாமுக்கு அப்புறம் ரேடியோவை செட் பண்றதுலயும்தான். அதனால அந்த ரெண்டு இடத்துலயும் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கேன், எக்ஸாம் பத்தி சீக்கிரம் முடிச்சிடறேன்.

1. ஹாம்தான் வேணுமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க

முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் "கல்லு இருக்கு, இடது பக்கம் வா"ன்னு சொல்றது மட்டும்தான் தேவைன்னா ஜிஎம்ஆர்எஸ்ங்கற கிட்டத்துல பேசிக்கற ரேடியோ சேவை போதும். எக்ஸாம் கிடையாது, 35 டாலர் கட்டினா 10 வருஷம், ஒரு லைசென்ஸ்ல வீட்டு ஆளுங்க எல்லாரும் பேசிக்கலாம். லாரிக்காரங்க பேசற சிபி ரேடியோவுக்கு லைசென்ஸே வேண்டாம், ஆனா 4 வாட்ஸ் ஏஎம்ல அந்த கரகரப்பைக் கேட்டுட்டு நாள் முழுக்க ஓட்ட எனக்குப் பொறுமை இல்ல.

ஹாம் எப்ப வேணும்னா, உங்க கூட வராத ஒருத்தர்கிட்ட பேச வேண்டியிருக்கும்போது. மலை உச்சில இருக்கற ரிப்பீட்டர் உங்க சின்ன சிக்னலை வாங்கி பெரிய பரப்புக்கு திருப்பி அனுப்பும், பாலைவனத்துல நின்னுகிட்டு 80, 100 மைல் தள்ளி இருக்கற ஊர்க்காரர்கிட்ட பேசிடலாம். ஜிஎம்ஆர்எஸ்லயும் ரிப்பீட்டர் இருக்கு, ஆனா ஆளில்லாத மேற்குப் பக்கம் ஹாம் ரிப்பீட்டர்தான் அதிகம்.

இங்கதான் பெரிய தப்பு நடக்குது. ஜிஎம்ஆர்எஸ் மாதிரி ஹாம் லைசென்ஸ் குடும்பத்துக்கு சேர்த்து வராது, ஆளுக்கு ஒண்ணு. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்துல உக்காந்து பார்த்துகிட்டா மத்தவங்க மைக்ல பேசலாம், ஆனா ரெண்டாவது வண்டில அப்படி யாரும் இல்லன்னா அவங்க கேக்க மட்டும்தான் முடியும், பிடிடி (பேசும்போது அமுக்கற) பட்டனை அழுத்தக்கூடாது. வீட்டுக்காரர் மட்டும் பாஸ் பண்ணிட்டு ரெண்டு ரேடியோ வாங்கிட்டு வந்து, பின்னாடி வண்டியை ஓட்டற வீட்டம்மாவுக்கு லைசென்ஸ் இல்லாம ஒருவழிப் பேச்சா போன ட்ரிப்பை நான் பார்த்திருக்கேன். வண்டிக்கு ஒருத்தராவது எக்ஸாம் எழுதணும், சேர்ந்தே படிங்க. வயசு வரம்பு கிடையாது, ஸ்கூல் பசங்க கூட எழுதலாம்.

அப்புறம் இன்னொண்ணு, ஹாம் அலைவரிசைல காசுக்கு வேலை பாக்கக் கூடாது. நீங்க சம்பளம் வாங்கிட்டு டூர் கூட்டிட்டுப் போற ஆளுன்னா இது உங்களுக்கு ஆகாது, ஜிஎம்ஆர்எஸ் பக்கம் போங்க.

2. ட்ரிப் தேதிலேர்ந்து பின்னோக்கி எண்ணுங்க

எட்டு வாரம் வச்சுக்கிட்டா நிம்மதி. படிக்க மூணு நாலு வாரம், எக்ஸாம் ஸ்லாட்டுக்கு ஒரு வாரம், கால் சைன் (ரேடியோல உங்க அடையாளமா சொல்ற எழுத்தும் நம்பரும்) வர ஒரு வாரம், மிச்சம் ரேடியோவுக்கும் பழக்கத்துக்கும். பாஸ் பண்ணின உடனே பேசலாம்னு நினைச்சு வெள்ளிக்கிழமை எக்ஸாம் வச்சுட்டு சனிக்கிழமை கிளம்பறாங்க. உங்க பேரும் கால் சைனும் எஃப்சிசி (லைசென்ஸ் குடுக்கற அமெரிக்க அரசு அமைப்பு) டேட்டாபேஸ்ல ஏறற வரைக்கும் பட்டனைத் தொடக்கூடாது, கைல பாஸ் சர்டிஃபிகேட் இருந்தாலும் சரி.

3. எஃப்ஆர்என் நம்பர், பேர் எழுதற இடம்

எஃப்சிசி தளத்துல கோர்ஸ்னு ஒரு சிஸ்டம் இருக்கு, அதுல பதிவு பண்ணினா எஃப்சிசில உங்களை அடையாளம் காட்டற 10 இலக்க எஃப்ஆர்என் நம்பர் கிடைக்கும், காசு கிடையாது. இது எக்ஸாமுக்கு முன்னாடியே கைல இருக்கணும், இல்லன்னா எக்ஸாமுக்கு உக்கார முடியாது.

அமெரிக்க குடிமகனா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஹெச்1பி, எஃப்1, கிரீன் கார்டு எதுவா இருந்தாலும் பரவால்ல. வெளிநாட்டு அரசாங்கத்தோட பிரதிநிதியா இருக்கக் கூடாது, அமெரிக்காவுல தபால் வாங்கற ஒரு முகவரி இருக்கணும், அவ்வளவுதான். இதைத் தெரியாம "சிட்டிசன்ஷிப் வரட்டும்"னு வருஷக்கணக்கா காத்திருந்தவங்க நம்மாளுங்கள்ல நிறைய.

இப்ப பேர் சமாச்சாரம். நம்ம பேர்ல இனிஷியல் முன்னாடி வரும், பாஸ்போர்ட்ல அப்பா பேர் கடைசிப் பேரா உக்காந்திருக்கும், சிலருக்கு டிரைவிங் லைசென்ஸ்ல முதல் பேருக்குப் பதிலா "எஃப்என்யூ"ன்னு (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்) இருக்கும். எஃப்ஆர்என்ல ஒரு மாதிரி, எக்ஸாமுக்கு பதிவு பண்ணும்போது இன்னொரு மாதிரி, காட்டற ஐடில மூணாவது மாதிரின்னு எழுதினா எக்ஸாம் நடத்தறவங்க முழிப்பாங்க. எந்த ஐடியை எக்ஸாம்ல காட்டப் போறீங்களோ அதை முன்னாடி வச்சுகிட்டு எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி மூணு இடத்துலயும் போடுங்க. கேக்கவே அசிங்கமா இருந்தாலும் எஃப்என்யூன்னா எஃப்என்யூதான்.

முகவரி பொதுவெளில தெரியும். யார் வேணா உங்க கால் சைனைத் தேடினா பேரும் முகவரியும் வந்துடும், அதனால வீட்டு முகவரி வேண்டாம்னு நினைக்கறவங்க முதல்லயே பிஓ பாக்ஸ் எடுத்து அதைக் குடுங்க. ஈமெயில் மட்டும் தினம் பாக்கற ஈமெயிலா இருக்கட்டும், காரணம் 6ல வருது.

4. படிப்பு

எடுக்க வேண்டியது டெக்னீஷியன் லைசென்ஸ், ஹாம்ல முதல் படி. 35 கேள்வி, 26 சரியா இருந்தா பாஸ், எல்லாமே நாலு விடைல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறதுதான். கேள்வி எல்லாம் ஏற்கனவே வெளியிட்ட ஒரு தொகுப்புலேர்ந்து அப்படியே வரும், சுமார் 400 கேள்வி, விடையும் அதுலயே இருக்கு. ஹாம்ஸ்டடி தளத்துல இலவசமா பயிற்சி பண்ணலாம்.

தொகுப்பு நாலு வருஷத்துக்கு ஒருதடவை ஜூலை 1ஆம் தேதி மாறும். 2022ல வந்தது 2026 ஜூன் 30 வரைக்கும், அடுத்தது 2026 ஜூலை 1லேர்ந்து 2030 ஜூன் 30 வரைக்கும். ஃப்ரெண்டு குடுத்த பழைய புத்தகத்தை வச்சுப் படிக்கறதுக்கு முன்னாடி அட்டைல இருக்கற வருஷத்தைப் பாருங்க.

நம்மாளுங்களுக்கு மனப்பாடம் கைவந்த கலை, நானூறையும் உருப்போட்டு ரெண்டே வாரத்துல போய் பாஸ் பண்ணிடுவாங்க. பண்ணுங்க, தப்பில்ல. ஆனா ரிப்பீட்டர் ஆஃப்செட், டோன், ஆன்டெனா, வண்டில கரண்ட் எடுக்கறது, 10 நிமிஷ விதி (எல்லாம் 7, 8, 9ல வருது), இந்தக் கேள்விகளை மட்டும் புரிஞ்சு படிங்க, ஏன்னா பாலைவனத்துல இதுதான் திரும்ப வரும். பயிற்சித் தேர்வுல தொடர்ந்து 85 சதவீதம் வந்தா ஸ்லாட் போட்டுடலாம், 100 வரட்டும்னு காத்திருந்தா இந்த வருஷம் முடிஞ்சிடும்.

5. எக்ஸாம்

எக்ஸாமை எஃப்சிசி நடத்தறதில்ல, விஇன்னு சொல்ற வாலன்டியர்ஸ் நடத்துவாங்க, குறைஞ்சது மூணு பேர் இருக்கணும். நேர்லயும் எழுதலாம், வீட்லேர்ந்து வீடியோ கால்லயும் எழுதலாம். கட்டணம் நடத்தற குழுவைப் பொறுத்தது, சில குழு இலவசம், ஏஆர்ஆர்எல் (அமெரிக்க ஹாம் சங்கம்) மாதிரி இடத்துல 15 டாலர்.

வீட்லேர்ந்து எழுதறீங்கன்னா கேமராவைச் சுத்திக் காட்டச் சொல்வாங்க. மேசை காலியா இருக்கணும், அறைல வேற யாரும் இருக்கக் கூடாது. நடுவுல அம்மா காபி கொண்டு வந்து வச்சா எக்ஸாமை நிறுத்திடுவாங்க, முன்னாடியே சொல்லி கதவை சாத்திக்கோங்க.

டெக்னீஷியன் பாஸ் ஆனதும் அடுத்த படியான ஜெனரலையும் "எழுதிப் பாக்கறீங்களா"ன்னு கேப்பாங்க, பொதுவா அதுக்கு தனியா காசு கேக்க மாட்டாங்க. படிக்கலன்னாலும் எழுதிப் பாருங்க, ஃபெயில் ஆனா டெக்னீஷியன் எங்கயும் போயிடாது.

6. 35 டாலர், பத்து நாள்

பாஸ் ஆனதும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு தூங்கிடாதீங்க. குழு உங்க விண்ணப்பத்தை ஏத்தினதும் எஃப்சிசிலேர்ந்து ஈமெயில் வரும், 35 டாலர் கட்டச் சொல்லி. 10 நாளுக்குள்ள கட்டலன்னா விண்ணப்பம் தள்ளுபடி. இந்த மெயில் ஸ்பாம்ல போய் விழறது சகஜம், பாக்கறதுக்கும் ஏதோ மோசடி மெயில் மாதிரியே இருக்கும். லிங்கை அமுக்க பயமா இருந்தா நேரா எஃப்சிசி தளத்துல உங்க எஃப்ஆர்என் போட்டு உள்ள போனாலே கட்ட வேண்டியது தெரியும்.

கட்டினா பெரும்பாலும் ஓரிரு வேலை நாள்ல கால் சைன் வந்துடும். 10 வருஷத்துக்கு செல்லும். பேப்பர்ல லைசென்ஸ் தபால்ல வராது, பிடிஎஃப் இறக்கி போன்லயே வச்சுக்கோங்க.

7. ரேடியோவும் ஆன்டெனாவும், காசை எதுல போடணும்

முதல் ரேடியோ எல்லாருக்கும் பாவ்ஃபெங் யூவி-5ஆர்தான், விலை கம்மி, 5 வாட் கிட்ட வரும், 2 மீட்டர், 70 சென்டிமீட்டர்னு சொல்ற ரெண்டு அலைவரிசைப் பேண்டும் இருக்கு. வாங்குங்க. ஆனா வண்டிக்குள்ள உக்காந்துகிட்டு அதுகூட வர்ற குட்டி ரப்பர் ஆன்டெனாவுல பேசாதீங்க, சுத்தி இரும்பு, சிக்னல் வெளிய போகவே போராடும். காந்தம் வச்ச கூரை ஆன்டெனா ஒண்ணு வாங்கி அதே ரேடியோல மாட்டினா வேற ரேடியோ மாதிரி ஆயிடும். ரேடியோவை மாத்தறதுக்கு முன்னாடி ஆன்டெனாவை மாத்துங்க, நான் இதைச் சொல்லி சொல்லி அலுத்துப் போச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கற காந்தம் ஒண்ணை எடுத்துட்டுப் போய் வண்டிக் கூரைல வச்சுப் பாருங்க. 2015க்கு அப்புறம் வந்த ஃபோர்டு எஃப்-150 பாடி அலுமினியம், ஜீப் ராங்லர் ஹார்டுடாப் இரும்பு கிடையாது, சில வண்டில பாதிக்கூரை கண்ணாடி. ஒட்டலன்னா பானெட் ஓரத்துல ஸ்க்ரூ போடற மவுன்ட் வாங்கணும்.

இந்த வேலை பிடிச்சுப் போச்சுன்னா அடுத்து 50 வாட் மொபைல் ரேடியோ. இது முழு பவர்ல 10 ஆம்பியருக்கு மேல இழுக்கும், அதனால சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகாதீங்க, பட்டனை அழுத்தினதும் வோல்டேஜ் இறங்கி ரேடியோ அணையும் இல்ல ஃப்யூஸ் போகும். பேட்டரிலேர்ந்து நேரா தனி ஒயர், பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ். ஃப்யூஸை ரேடியோ பக்கம் மட்டும் வச்சா நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாத்தாது, குலுங்கற ரோட்ல ஒயர் உரசாம இருக்கவும் செய்யாது.

ஒரு விஷயம், ஹாம் லைசென்ஸ் இருக்குன்னு பாவ்ஃபெங் யூவி-5ஆர்ல ஜிஎம்ஆர்எஸ் சேனல்ல பேசக் கூடாது. அதுக்கு தனி லைசென்ஸ், தனியா சான்று வாங்கின ரேடியோ.

8. ப்ரோக்ராமிங், எல்லாரும் விழற குழி

மோஹாவி பாலைவன ரோட்ல ரெண்டாவது நாள் சாயங்காலம். ஃப்ரெண்டோட புது யூவி-5ஆர்ல ரெண்டு பெரியவங்க தக்காளிச் செடிக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்னு பேசிக்கறது பக்கத்து வீட்ல பேசற மாதிரி கேக்குது. இவர் கூப்பிடறார், கூப்பிடறார், பத்து தடவை கூப்பிட்டிருப்பார், அவங்க தக்காளியை விட்டு வரவே இல்ல. பேட்டரி வீக்கா, ஆன்டெனா லூஸான்னு எல்லாம் பார்த்தாச்சு. கடைசில மெனுவைத் திறந்தா 13ஆம் நம்பர்ல ஆஃப்னு இருக்கு. அதுதான் அனுப்பற டோன்.

நடந்தது என்னன்னா, ரிப்பீட்டர் ஒரு அலைவரிசைல கேக்கும், வேற ஒண்ணுல பேசும். 2 மீட்டர்ல ரெண்டுக்கும் வித்தியாசம் (இதுதான் ஆஃப்செட்) வழக்கமா 600 கிலோஹெர்ட்ஸ், 70 சென்டிமீட்டர்ல 5 மெகாஹெர்ட்ஸ், மேல போகணுமா கீழ போகணுமான்னு பிளஸ் மைனஸ் போட்டிருப்பாங்க. இதுக்கு மேல, உங்க குரல் கூடவே தாழ்வா ஒரு டோன் போகணும், 100 ஹெர்ட்ஸ், 131.8 ஹெர்ட்ஸ் இப்படி ஒவ்வொரு ரிப்பீட்டருக்கும் ஒண்ணு. அந்த டோன் இல்லாம வர்ற சிக்னலுக்கு ரிப்பீட்டர் கதவே திறக்காது. அதனாலதான் நமக்கு எல்லாம் கேக்கும், நம்மளை யாருக்கும் கேக்காது. இந்த அறிகுறி வந்தா பேட்டரியைப் பாக்காதீங்க, டோனையும் ஆஃப்செட்டையும் பாருங்க. யூவி-5ஆர்ல டோன் மெனு 13, பிளஸ் மைனஸ் 25, வித்தியாசம் 26. மெனு 11 வாங்கற டோன், அதை ஆஃப்லயே விடுங்க, தப்பா வச்சா ரேடியோ செத்த மாதிரி கம்முனு கிடக்கும்.

கையால ஒவ்வொண்ணா ஏத்தறது நரகம். கேபிள் வாங்கி கம்ப்யூட்டர்ல சிர்ப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டு ஏத்துங்க. வரிசை முக்கியம்:

முதல்ல ரேடியோல இருக்கறதை கம்ப்யூட்டருக்கு இறக்கி அப்படியே சேமிச்சு வைங்க, தொடாதீங்க. எதாவது சொதப்பினா திரும்ப ஏத்த அது ஒண்ணுதான் வழி. அப்புறம் அதோட காப்பில ரிப்பீட்டர்புக் தளத்தோட பட்டியலைப் பார்த்து உங்க ரூட்ல வர்ற ரிப்பீட்டர்களைச் சேருங்க, சும்மா மாநிலம் முழுக்க ஏத்தினா அவசரத்துக்கு எது எதுன்னு தெரியாது, போற வரிசைல 10, 12 போதும். மோட் எஃப்எம்னே இருக்கட்டும், என்எஃப்எம்னு இருந்தா உங்க குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி சன்னமா போகும். கடைசில ரேடியோவுக்கு ஏத்துங்க.

கேபிள் கனெக்ட் ஆகலன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் பிளக்கை முழுசா அழுத்தலை. க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் தள்ளணும், புது ரேடியோல பயமா இருக்கற அளவு தள்ளணும். மீதி பாதி மலிவு கேபிளோட டிரைவர் பிரச்சினை.

ரிப்பீட்டர் தவிர 146.520 மெகாஹெர்ட்ஸை கண்டிப்பா ஒரு சேனல்ல போடுங்க. அது நாடு முழுக்க பொதுவா கூப்பிடற அலைவரிசை, ரிப்பீட்டர் இல்லாம நேருக்கு நேர். அதுல கூப்பிட்டுட்டு வேற இடத்துக்கு நகர்ந்துடணும், நாள் முழுக்க அரட்டை அடிக்கற இடம் கிடையாது. வண்டிக்கு வண்டி பேச அந்தப் பகுதியோட பேண்ட் பிளான்ல (எந்த அலைவரிசை எதுக்குன்னு பிரிச்ச பட்டியல்) இருக்கற வேற ஒரு சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாத) அலைவரிசையை கேங்க் முழுக்க பேசி வச்சுக்கோங்க, எல்லார் ரேடியோலயும் அதே சேனல் நம்பர்ல இருக்கட்டும். "சேனல் 5க்கு வா"ன்னா எல்லாரும் ஒரே இடத்துக்கு வரணும்ல.

9. ஊர்லயே வாயைத் திறங்க

லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியும் ஒரு வார்த்தை பேசாதவங்க இருக்காங்க, மைக் பயம். ட்ரிப்புக்கு முன்னாடி உள்ளூர் ரிப்பீட்டர்ல ஒரு நிமிஷம் கேளுங்க, யாரும் பேசலன்னா பட்டனை அழுத்தி ஒரு விநாடி விட்டு கால் சைனை சொல்லுங்க. அந்த ஒரு விநாடி விடலன்னா உங்க முதல் எழுத்து அடிபட்டுப் போகும். எழுத்தை கிலோ, நவம்பர், சிக்ஸ்னு ஃபோனெடிக்ல, நிதானமா. நம்ம வேகத்துல சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் பிடிபடாது. பத்து நிமிஷத்துக்கு ஒருதடவையும் பேச்சு முடியும்போதும் கால் சைன் சொல்லியே ஆகணும்.

தமிழ்ல பேசலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. தாராளமா பேசலாம், கால் சைனை மட்டும் இங்கிலீஷ்ல சொல்லணும், விதியே அதுதான். "டேய் பள்ளம்டா, மெதுவா"ன்னு தமிழ்ல கத்திட்டு கால் சைனை இங்கிலீஷ்ல முடிச்சா போதும்.

"உயிருக்கு ஆபத்துன்னா யார் வேணா எந்த ரேடியோ வேணா பயன்படுத்தலாமே, எதுக்கு எக்ஸாம்"னு ஒருத்தர் கட்டாயம் வாதம் பண்ணுவார். சரி, அப்ப 13ஆம் மெனுவை அன்னிக்கு ராத்திரி ரத்தம் வழியறப்பவா கத்துக்கப் போறார்?

இந்தியாவுக்குப் போகும்போது இந்த ரேடியோவை பெட்டில போடாதீங்க. இந்த லைசென்ஸை வச்சுகிட்டு அங்க போய் அப்படியே பேசிட முடியாது, அனுமதி தனி கதை, கஸ்டம்ஸ்ல வாக்கி டாக்கியைப் பார்த்தா கேள்வி வரும்.

10. கிளம்பறதுக்கு முந்தின நாள்

எல்லா வண்டியையும் ஒரே பார்க்கிங்ல நிறுத்தி ஒவ்வொரு சேனலா ஒருத்தர் பேச மத்தவங்க கேக்கணும். அப்புறம் ஒரு வண்டி ரெண்டு மைல் தள்ளிப் போய் திரும்பப் பேசணும், பக்கத்துல நின்னா உடைஞ்ச ஆன்டெனா கூட வேலை செய்யும்.

ரிப்பீட்டர் பட்டியலையும் மேப்பையும் ஆஃப்லைன்ல இறக்குங்க. பள்ளத்தாக்குக்குள்ள ரிப்பீட்டர் கிடைக்காது, நேர்கோட்டுல மலை தெரியணும், அதனால சிக்கினா முதல் வேலை பத்திரமா மேட்டுக்கு ஏற முடியுமான்னு பாக்கறது. ரிப்பீட்டர் 911 கிடையாது, நடுராத்திரி கேக்கறதுக்கு ஆளே இல்லாம போகலாம், அதனால கூடவே கார்மின் இன்ரீச் மாதிரி சாட்டிலைட் கருவி ஒண்ணு இல்ல சாட்டிலைட் எஸ்ஓஎஸ் வர்ற ஐபோன் 14, இல்ல அதுக்கு அப்புறம் வந்த ஐபோன் ஒண்ணு கேங்க்ல இருக்கட்டும். நான் ரெண்டும் இல்லாம போறதில்ல.

சேனல் நம்பர், ரிப்பீட்டர் பேர், அலைவரிசை, ஆஃப்செட், டோன் இவ்வளவையும் ஒரு பேப்பர்ல பெருசா எழுதி சன் வைசருக்குப் பின்னாடி ஒட்டுங்க, கீழயே கால் சைனையும். உதவி கேட்டா என்ன வரிசைல சொல்லணும்னும் எழுதி வைங்க: எங்க இருக்கீங்க, எத்தனை பேர், யாருக்கு என்ன அடி, என்ன வேணும். இடத்தை மொதல்ல சொல்லணும், நடுவுல சிக்னல் அறுந்துட்டா கூட தேடி வர்றவங்களுக்கு அது ஒண்ணு போதும்.